விசரிக்குச் சட்டை தைத்தல்

குளப்பிட்டிச் சந்தியில் என் கடைக்கு
படம் எடுக்கிற பெடியன் ஒருவன் வந்தான்.
ஆரூரன். பிறந்தது ரொறன்ரோவில்.
ஒவ்வொரு சொல்லாய்த் தட்டிப் பார்த்துத் தமிழ் கதைக்கிறான்.
"அக்கா, ஒரு விசரிக்கு உடுப்பு வேணும்.
புதுசாத் தைச்சு, பிறகு கிழிக்கவேணும்."

அளவு கேட்டேன்.
நெஞ்சு முப்பத்திரண்டு, இடுப்பு இருபத்தாறு.
எங்கே கிழியவேணும்?
தோளில் என்றான். முழங்காலில் என்றான்.
யோசித்து, நெஞ்சிலும் கொஞ்சம் என்றான்.
ஊசியில் நூல் கோர்த்தேன்.
முந்தி ஒரு மூச்சில் போகும், இப்போது நாலைந்து.
இரவுக் குளிசை கையில் விட்டுப்போகிற நடுக்கம்.
அவன் அதை வயசென்று நினைத்திருப்பான்.

எனக்கு வந்த வருடம்
ஒரே சட்டையை ஒரு பகலில்
பதினொரு முறை அயன் பண்ணினேன்.
கொலரில் ஒரு சுருக்கம் இருந்தாலும்
அவர்களுக்குத் தெரிந்துவிடும்.
அதற்கு முன்னும் பின்னும்
அவ்வளவு ஒழுங்காய் நான் உடுத்ததில்லை.

அவர்கள் என்றால் ஆர்?
அங்கொடையில் டொக்டர் கேட்டார், சிங்களத்தில்.
தமிழ் தெரியுமென்று கன்ரீன் பெடியனைப் பிடித்து வந்தார்கள்,
கையெல்லாம் பருப்பு மணம்.
ஆமி என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கு என்றேன்.
அவன் திருப்பிச் சொன்னான்.
டொக்டர் எழுதி, கீழே கோடு போட்டார்.
எங்கள் ஒழுங்கை முகப்பில் சென்ரி இருந்தது.
மண்மூட்டை, தகரம், தகரத்தில் ஒரு ஓட்டை,
ஓட்டைக்குள் ஒரு ஆள்.
படலையிலிருந்து நாற்பத்து மூன்று அடி,
தையற்காரி, அளந்துதான் சொல்லுகிறேன்.
அதைச் சொல்ல வாய் திறக்க முன்னம்
பெடியனைக் கன்ரீனுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எனக்கு வருத்தம் இருந்தது, பொய்யில்லை.
தண்ணித் தொட்டி இரவில் என் பெயரைச் சொன்னது.
சென்ரியும் இருந்தது.

பக்கத்துக் கட்டில் சோமாவதி
முதல் கிழமை முழுக்க என்னைக் கொட்டியா என்றாள்.
பிறகு அவளின் மகள் வந்தாள்.
உள்ளே வராமல் கதவடியில் நின்று
ஆருக்கோ போனில் பிஸ்சு என்றாள்.
அந்தச் சொல்லை விளங்க
எனக்குக் கன்ரீன் பெடியன் தேவைப்படவில்லை.
அன்றிரவு சோமாவதிக்குத் தலை இழுத்துவிட்டேன்.
கொட்டியா என்றாள் திரும்பவும்,
கொஞ்சம் மெதுவாக.

மூன்று மாதமும் நான் கொழும்பில்
கொம்பியூற்றர் படித்ததாக
அம்மா ஒழுங்கை முழுக்கச் சொல்லி வைத்திருந்தா.
இப்பவும் சிலர் போன் பழுதென்றால்
என்னிடம் கொண்டு வருகிறார்கள்.
வாங்கி, அணைத்து, திரும்பப் போட்டுக் குடுக்கிறேன்.
அரைவாசி திருந்திவிடுகிறது.

திங்கள் பின்னேரம் ஸ்ரேசனடியில் படப்பிடிப்பு.
சட்டையை விரித்துப் பார்த்த ஆரூரன்
"என்னக்கா, ஒரு சுருக்கம்கூட இல்லையே" என்றான்.
நடிகை தோளைப் பிடித்து இழுத்தாள்.
இரட்டைத் தையல்.
முழங்காலிலும் இழுத்துப் பார்த்தாள்.
கத்தரிக்கோல் தேடி ஒருவன் ஓடினான்.

அதற்கிடையில் அவளுக்குக் கறுப்பு மா பூசினார்கள்.
வெள்ளைப் பிள்ளை, பாவம், கழுத்து மட்டும் மிச்சம்.
"விசரி எண்டா கறுப்பா இருந்தாத்தான்
சனம் நம்பும்" என்றார் மேக்கப்காரர்.
நிறம் சரியா என்று பார்க்க அங்குமிங்கும் திரும்பி,
என் கையைப் பிடித்து
அவளின் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.
"ஆ. இதுதான்."

நாளைக்குத் தெல்லிப்பழையில் எனக்கு கிளினிக்,
விசர் கிளினிக், என்றேன்.
சத்தமாகத்தான் சொல்லியிருக்கவேணும்.
கோச்சி வர இன்னும் நேரம் இருந்தது.
அவருடைய விரல்கள் என் மணிக்கட்டில்
மாப்படிந்தபடி இருந்தன.
விடுகிறாரா என்று
பார்த்துக்கொண்டு நின்றேன்.